பேசின் பிரிட்ஜும் பாமரர் பாட்டும்

சென்னை சென்ட்ரல் நிலையத்தை விட்டுப் புறப்படும் புகைவண்டி வடக்கே போவதாயினும் மேற்கே போவதாயினும், சில நிமிடங்களுக்குள் பேசின் பிரிட்ஜ் சந்திப்பைக் கடந்தாக வேண்டும். வெளியூரிலிருந்து வரும் வண்டிகளோ பெரும்பாலும் அங்கே வந்து கைகாட்டிக்காகக் காத்து நிற்கும். சென்னைக்கு வந்தும் சென்னையில் இறங்க முடியாத அந்தக் கால்மணி நேரத்தில் பயணிகள் அவ்வூர்ப் பெயரைச் சலிப்போடு உச்சரிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். அப்பெயரைச் சிறிது நின்று ஆராய்ந்தவர் மிகச் சிலரே.

வடசென்னையின் வரலாற்றில் கால்வாய்க்குத் தனியிடம் உண்டு. 1806ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. பேசில் காக்ரேன் என்பவர் பெயரால் அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பெற்று, தாது வருடப் பஞ்ச காலத்தில் கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை 1878இல் ஏற்றது. உப்பும் விறகும் படகேறி அதன் வழியே நகருக்கு வந்தன. படகுகள் ஒதுங்கி நின்று சரக்கை இறக்குவதற்கு அமைந்த அகன்ற நீர்நிலையை ஆங்கிலத்தில் 'பேசின்' என்பர். கை கழுவும் தொட்டிக்கும் அதே சொல்தான். அந்நீர்நிலையை அடுத்த பாலம் பேசின் பிரிட்ஜ் ஆயிற்று. பாலத்தின் பெயர் இரயில் சந்திப்பின் பெயராகி, அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் பெயராகி நிலைத்துவிட்டது.

இவ்விரண்டு சொற்களும் ஆங்கிலமே. ஆயினும் அவை ஒரு குலத்துச் சொற்கள் அல்ல. 'பிரிட்ஜ்' என்பது ஐந்தாம் நூற்றாண்டில் கடல் கடந்து பிரித்தானியத் தீவில் குடியேறிய ஆங்கிலரும் சாக்சானியரும் தம்மோடு கொண்டு வந்த சொல். 'பேசின்' என்பது 1066ஆம் ஆண்டு வில்லியம் என்னும் நார்மானிய மன்னன் அத்தீவை வென்றபின், பிரெஞ்சு மொழி வழியாக வந்து சேர்ந்த சொல். குடியேறியவன் சொல்லும் வென்றவன் சொல்லும் அருகருகே நின்று, ஏழு கடலுக்கு அப்பால் நம் ஊரில் ஒரு பெயராகியிருக்கின்றன. ஆங்கில மொழியின் தொல்வரலாற்றைக் கற்க விரும்பும் மாணவர்க்கு இதைவிட எளிய வாயில் கிடைப்பது அரிது.

முதலில் வந்த மொழியைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். அதன் தலையாய காவியம் 'பேயோவுல்ப்'. வீரன் ஒருவன் அரக்கனையும் அரக்கனின் தாயையும் கொன்று, முதுமையில் நாகத்தோடு பொருது மாயும் கதை. 3182 அடிகள் கொண்டது. இன்று ஆங்கிலம் கற்ற எவரும் அதனை உரையின்றிப் படிக்க இயலாது. சங்கப் பாடலைப் படிக்க நமக்கு உரை வேண்டும் என்பது உண்மையே. ஆனால் ஒரு குறுந்தொகைப் பாட்டில் பாதிச் சொற்களையேனும் நாம் அடையாளம் கண்டுகொள்வோம். பேயோவுல்பில் இலண்டன் நகரத்து மாணவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இதற்குக் காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. நம் மொழியில் 'இராமன் இராவணனைக் கொன்றான்' என்றாலும் 'இராவணனை இராமன் கொன்றான்' என்றாலும் பொருள் மாறுவதில்லை. இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ, செயப்படுபொருள் எங்கே நின்றாலும் அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். இக்கால ஆங்கிலத்தில் இவ்வாறு இடம் மாற்றினால் இராவணன் இராமனைக் கொன்றதாகிவிடும்! பழைய ஆங்கிலம் இவ்வகையில் நம் பக்கம் நின்ற மொழி. அரசன் என்னும் சொல் எழுவாயாக வரும்போது அதன் முன்னே 'ஸெ' என்னும் சுட்டு வரும். செயப்படுபொருளாக வரும்போது அச்சுட்டு 'தோனெ' என்று உருமாறும். ஆகவே சொற்களைப் புலவன் தன் விருப்பம்போல் நிறுத்திக்கொள்ள முடிந்தது.

பின்னர் டேனியர் வந்து குடியேறினர். அவர்களோடு கலந்து பேசிய பேச்சில் சொல்லின் ஈறுகள் தேயத் தொடங்கின. நார்மானியர் ஆட்சியில் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. ஆங்கிலம் உழவன் வாயில் மட்டும் வாழ்ந்தது. எழுதுவார் குறைந்த மொழியில் ஈறுகளைக் காப்பார் யார்? வேற்றுமை உருபுகள் உதிர்ந்தன. உருபு செய்த வேலையைச் சொல்லின் இடம் ஏற்றுக்கொண்டது. ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் முன்னும் வினை நடுவும் செயப்படுபொருள் பின்னுமாக நிற்க வேண்டும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்கிறீர்கள் அல்லவா? அவ்விதி பிறந்த கதை இதுதான்.

உதிர்ந்தவற்றில் சில மிச்சங்கள் உள்ளன. உடைமையைக் குறிக்கச் சொல்லின் இறுதியில் ஒரு சிறு குறியும் 'எஸ்' என்னும் எழுத்தும் இடுகிறோமே, அது பழைய ஆறாம் வேற்றுமை ஈற்றின் எச்சம். 'ஆக்ஸ்' என்பதற்குப் பன்மை 'ஆக்ஸன்' என்பதும், 'புட்' என்பதற்குப் பன்மை 'பீட்' என்பதும் விதிவிலக்குகள் என்று இலக்கண நூல்கள் கூறும். விலக்கு என்பதைவிட, அவை முன்னோர் விதி என்பதே பொருத்தம். விலகிச் சென்றவை மற்றைய சொற்களே. கறிக்கடைப் பலகையிலும் இந்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. மேயும் ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' மேய்த்த சாக்சானியனின் சொல். இலையில் விழும் 'மட்டன்' உண்ட நார்மானியனின் சொல். இராயபுரத்துக் கடைக்காரர் 'மட்டன்' என்று எழுதி வைக்கும்போது, ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஆண்டான் அடிமை உறவு ஒன்றையும் சேர்த்தே எழுதுகிறார்.

பழைய ஆங்கிலச் செய்யுளுக்கு உயிர்நாடி மோனை. அடியை இரண்டாகப் பகுத்து, இரு பகுதிகளையும் சொல்லின் முதலொலியால் பிணைப்பர். அடியின் இறுதி ஒத்து வரும் இயைபு, பிரெஞ்சு செய்யுளின் செல்வாக்கால் பிற்காலத்தில் பெருகியது. செய்யுளில் மோனை பின்வாங்கினாலும் பேச்சில் அது சாகவில்லை. 'கித் அண்டு கின்', 'மைட் அண்டு மெயின்', 'ஹவுஸ் அண்டு ஹோம்' என்னும் மரபுத்தொடர்களை எண்ணிப் பாருங்கள்; ஒவ்வொன்றும் முதலொலியால் கட்டப்பட்ட இணை. நாமும் சீரும் சிறப்பும், கண்ணும் கருத்தும், நகை நட்டு, நோய் நொடி, உற்றார் உறவினர் என்று மோனை கெடாமல்தானே பேசுகிறோம்? அக்கம் பக்கம், பழக்க வழக்கம் என்று எதுகையால் இணைத்த தொடர்களும் நம்மிடம் உண்டு. அதுவும் நம் செல்வம்.

மரபுத்தொடரில் வாழும் சொல் தன் பழம்பொருளைப் பொத்தி வைத்திருக்கும். நம் 'நொடி'க்கும் 'நட்டு'க்கும் தனியே பொருள் கேட்டால் பலர் திகைப்பர். ஆங்கிலத்தில் 'கித்' என்பதும் அத்தகையதே. அறிந்தவர், பழகியவர் என்பது அதன் பொருள். 'கின்' என்பதே உறவினர். 'டைம் அண்டு டைட்' ஒருவருக்காகவும் காத்திராது என்று ஒரு பழமொழி உண்டு. காசிமேட்டுக் கடலோரத்தில் வளர்ந்த மாணவர் 'டைட்' என்பதைக் கடலின் ஏற்றவற்றம் என்றே கொள்வர். அதில் பிழையும் இல்லை. ஆனால் அச்சொல்லின் பழைய பொருள் காலம் என்பதே. காலமும் வேளையும் என்று ஒரே பொருளை இருமுறை சொல்லிய இணை அது. கடலின் ஏற்றவற்றம் வேளை தவறாமல் வருவதால் காலத்தின் பெயர் அதற்கும் ஆகிவந்தது.

இனிக் கதைப்பாடலுக்கு வருவோம். சாசர் என்னும் பெரும்புலவர் 1400இல் மறைந்தார். காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். நூல்களில் காணும் இந்த இலக்கியத்துக்குப் புறம்பே, எழுத்தறியாத மக்களின் நாவில் வேறொன்று வளர்ந்து வந்தது. நான்கடிச் செய்யுள், முதலும் மூன்றும் நான்கு அழுத்தங்கள், இரண்டும் நான்கும் மூன்று அழுத்தங்கள், இரண்டாம் நான்காம் அடிகளில் இயைபு. எல்லை நாட்டுப் போர்களையும், கொள்ளைக்காரன் இராபின் ஹூடையும், மன்னன் ஆணையால் பருவம் அல்லாப் பருவத்தில் கப்பலேறி மூழ்கிய மாலுமி பேட்ரிக் ஸ்பென்ஸையும் இப்பாடல்கள் பாடின. 1388இல் பெர்சி, டக்ளஸ் குடியினர் பொருத போரைப் பற்றிய பாட்டைக் கேட்கும்போதெல்லாம், பாடுவோன் கண்ணிழந்த பாணனாயினும், தன் உள்ளம் போர் எக்காளம் கேட்டதுபோல் கிளர்ந்ததென்று சர் பிலிப் சிட்னி எழுதினார். சிட்னி அரசவைப் புலவர். அவர் அதைக் கூறும்போதும் ஒரு வெட்கத்தோடுதான் கூறுகிறார்.

அந்த வெட்கம் நீங்க நெடுங்காலம் ஆயிற்று. தாமஸ் பெர்சி என்னும் பாதிரியார் ஒருமுறை தம் நண்பர் வீட்டுக்குச் சென்றார். அங்கே மேசையின் அடியில் பழைய கையெழுத்துச் சுவடி ஒன்று கிடந்தது. பணிப்பெண்கள் அதிலிருந்து ஏடுகளைக் கிழித்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தனர்! பெர்சி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்தும் பிறவற்றிலிருந்தும் தொகுத்து 1765இல் அவர் வெளியிட்ட பழம்பாடல் தொகுதி, ஆங்கிலக் கவிதையின் போக்கையே மாற்றியது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 1798இல் வெளியிட்ட நூலுக்குத் தலைப்பிலேயே 'பாலட்' என்னும் பெயரைச் சூட்டினார்கள் என்றால் அதன் செல்வாக்கை உணரலாம். பெர்சி செய்த குற்றமும் ஒன்று உண்டு: பாடல்களை அவர் 'திருத்தினார்'. கிழிந்த இடத்தில் தம் சொல்லை வைத்துத் தைத்தார். கரடான இடத்தைச் செதுக்கினார். ரிட்சன் என்பவர் இதற்காக அவரைக் கடுமையாகச் சாடினார். என் கருத்தில், அடுப்பிலிருந்து காத்தவரை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். மூலச் சுவடி 1867, 1868ஆம் ஆண்டுகளில் உள்ளது உள்ளவாறே அச்சேறியது. பின்னர் அமெரிக்கப் பேராசிரியர் சைல்டு 305 கதைப்பாடல்களை, கிடைத்த வேறுபாடங்கள் அனைத்தோடும் தொகுத்தளித்தார்.

ஏடு தீக்கிரையாவது நமக்குப் புதிதன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தீயில் இட்டுவிட்ட செய்தி கேட்டு டாக்டர் உ. வே. சாமிநாதையர் அடைந்த துயரத்தை அவர்தம் எழுத்திலே காணலாம். பேயோவுல்பின் ஒரே சுவடியும் 1731இல் ஒரு தீவிபத்தில் ஓரம் கருகிப் பிழைத்ததே. ஆனால் ஐயரவர்கள் தேடியது புலவர் இலக்கியம். பாமரர் பாட்டைத் தேடியவர் யார்?

1871இல் சார்லஸ் கோவர் என்பவர் தென்னிந்திய நாடோடிப் பாடல்களைப் பற்றிச் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். கன்னடம், படகம், குடகு, தமிழ், மலையாளம், தெலுங்குப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். திருக்குறளுக்கும் அதில் ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார். குறளை நாடோடிப் பாடல் என்பதை நாம் ஏற்க முடியாது. எனினும், மக்களை அறிய அவர்கள் பாட்டைக் கேட்க வேண்டும் என்ற நோக்கு அக்காலத்தில் அரிது. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். பின்னாளில் ஐ.சி.எஸ். அதிகாரியான பெர்சி மாக்வீன் திரட்டி வைத்த தமிழ்ப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையம் 1958இல் 'மலையருவி' என்று வெளியிட்டது. இங்கிலாந்துக்கு ஒரு பெர்சி, நமக்கும் ஒரு பெர்சி! நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுதியைத் தந்தார். அவர் பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் 1971இல் வெளிவந்தது.

இவர்கள் சிற்றூர்களில் தேடினர். நானோ உங்களை மீண்டும் பேசின் பிரிட்ஜுக்கே அழைக்கிறேன். பாலத்தை விட்டுச் சிறிது தொலைவு நடந்தால் கொண்டித்தோப்பு. பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் என்னும் பதிப்பாளர் அங்கிருந்துதான் பெரிய எழுத்துப் புத்தகங்களை அச்சிட்டுப் பரப்பினர். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரை வீரன் கதை, தேசிங்குராஜன் கதை என்று தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் சென்ற நூல்கள் அவை. எழுத்து ஏன் பெரிது? எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்கும், மாலையில் மங்கிய விளக்கொளியில் படிப்போர்க்கும் ஏற்றவாறு அமைத்தது. ஒருவர் இராகத்தோடு படிப்பார். தெருவே உட்கார்ந்து கேட்கும்.

தேசிங்கு கதையைப் பாருங்கள். செஞ்சியை ஆண்ட தேஜ்சிங் 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டது வரலாறு. வரலாற்று நூலில் அது சில வரிகளில் அடங்கும். பாட்டிலோ அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்கிய இளைஞனாகவும், தன் திருமணப் பந்தலை விட்டு எழுந்து நண்பனுக்காகப் போருக்கு விரையும் இசுலாமிய வீரனின் தோழனாகவும் அவன் வாழ்கிறான். எல்லைப் போரில் விழுந்த டக்ளஸைப் பாடிய ஆங்கிலப் பாணனும் இதையே செய்தான்: ஆண்டைக் கோட்டைவிட்டு ஆளைக் காத்தான். ஒரு சொற்றொடரைச் சிறுசிறு மாற்றத்தோடு திரும்பத் திரும்பக் கூறிக் கதையை நகர்த்தும் முறை இருவருக்கும் பொது. குதிரைக்கும் வாளுக்கும் என்றும் மாறாத அடைமொழி கொடுப்பதும் பொது. வேறுபாடும் இருக்கிறது. ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சியின் நடுவிலே திடுமெனத் தொடங்கும். நம் பாட்டு விநாயகரை வணங்கி, நாடு நகரம் கூறி, குழந்தை பிறந்த பின்னரே கதைக்குள் கால் வைக்கும். அவசரக்காரர்க்கு ஏற்றதன்று, ஆனால் விடியும்வரை உட்கார்ந்து கேட்போர்க்கு அவசரம் ஏது?

பெரிய எழுத்துப் புத்தகத்துக்கும் எளிய உறவினர் இருந்தனர். சென்ட்ரல் நிலையத்தை அடுத்த ஈவினிங் பஜாரைச் சென்னை மக்கள் குஜிலிக் கடை என்றனர். அங்கு விற்ற மெல்லிய பாட்டுப் புத்தகங்களுக்குக் குஜிலிப் பதிப்பு என்று பெயர். எட்டுப் பக்கம் இருக்கும். விலை காலணா, அரையணா. விற்பவரே சந்தியிலும் இரயில் நிலையத்திலும் நின்று பாடி விற்பார். வெள்ளம், இரயில் விபத்து, கொலை வழக்கு எல்லாம் சில நாட்களுக்குள் சிந்தாகவும் கும்மியாகவும் வெளிவந்துவிடும். 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோதும் பாட்டுகள் பறந்தன. இலண்டன் தெருக்களில் ஒற்றைத் தாளில் அச்சிட்டுப் பாடி விற்ற பாட்டுகளுக்கு இவை நேர் உடன்பிறப்பு. சாமுவேல் பீப்ஸ் என்னும் கடற்படை அதிகாரி அத்தகைய தாள்களில் 1800க்கு மேல் சேர்த்து வைத்தார். அவை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஒன்றில் இன்றும் இருக்கின்றன. நம் புலவர்களோ குஜிலிப் பதிப்பு என்பதை ஒரு வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டனர். எழுத்துப்பிழை மலிந்தவை என்பது உண்மை. அந்தப் பிழைகளிலே பலவும் சென்னைத் தெருவில் மக்கள் பேசிய பேச்சின் பதிவு என்பதும் உண்மை. றகர ரகர மயக்கத்துக்காக நாம் எறிந்துவிட்ட தாளில், நம் பாட்டனார் பேசிய தமிழ் இருந்தது.

எறிந்தவை மளிகைக் கடையில் பொட்டலமாயின. பிழைத்தவை பிழைத்தது ஒரு விந்தையான வழியில். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் அச்சிடப்படும் அனைத்தையும் அறிந்துகொள்ள விரும்பிய ஆங்கில அரசாங்கம், பெர்சியின் சுவடி இங்கிலாந்தில் அச்சேறத் தொடங்கிய அதே 1867ஆம் ஆண்டில், இங்கே ஒரு சட்டம் செய்தது. அச்சுக்கூடத்தார் ஒவ்வொரு நூலின் படியையும் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அச்சட்டம். தொல்காப்பியப் பதிப்பு சென்ற வழியிலே தெருப்பாட்டும் சென்றது. இலண்டனுக்கு அனுப்பப்பட்டவை இன்றும் அங்கே பத்திரமாக உள்ளன. அரசாங்கம் தடைசெய்த பாட்டுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைத் திரட்டிக் கட்டி வைத்தவர் போலீசார். பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இவ்வகை நூல்களை ஆராய்ந்து 'முச்சந்தி இலக்கியம்' என்னும் நூலை 2004இல் வெளியிட்டார்.

நம்மவரிலும் ஒரு பீப்ஸ் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர், பெயர்ப்பலகை எழுதும் தொழிலில் ஈட்டியதைச் செலவிட்டு, அறிஞர் ஒதுக்கியவற்றையும் ஒதுக்காமல் பல்லாயிரம் நூல்களைச் சேர்த்தார். நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் அவற்றுள் அடங்கும். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது; ஆனால் கப்பலேற்றாமல் சென்னையிலேயே 1994இல் நூலகமாக்கியது. தரமணியில் உள்ள அந்நூலகத்தில் ஒரு பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி விரித்துப் பாருங்கள். பழுப்பேறிய முகப்பில், கதையின் பெயருக்கும் படத்துக்கும் கீழே, அச்சிட்ட இடம் கொண்டித்தோப்பு, சென்னை என்று இருக்கும்.